டாக்டர் போட்ட இரட்டைக் கோடு

வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, ஒரு கிழவி தன் புருஷனைப் பற்றி ஊரிடம் என்ன மறைத்தாள் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு இவ்வளவு ஆசையா? அடுப்பில் பால் இருக்கிறதா, பொங்கிவிட்டதா, முதலில் அதைப் போய்ப் பாருங்கள். நான் எங்கும் ஓடிவிட மாட்டேன், முழங்கால் விடாது. கேட்டு முடித்தபிறகு முகத்தைச் சுளித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. வலிய வந்து கேட்டது நீங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், நாங்கள் தில்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது நடந்தது இது. என் வீட்டுக்காரருக்கு மத்திய சர்க்காரில் வேலை. ரிட்டயர் ஆக மூன்று வருஷம் பாக்கி. மகள் கல்யாணமாகி சென்னையில் ஒன்றரை வயதுக் குழந்தையோடு இருந்தாள். மகன் எங்களோடுதான். தினமும் குர்கான் போய் வேலை பார்த்துவிட்டு, கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி வீடு திரும்புவான்.

அந்தக் கோடையில் அவர் கையெல்லாம் எறும்பு கடித்தது போலச் சிவப்புப் புள்ளிகள். பல் தேய்த்தால் வாஷ்பேசினில் ரத்தம். "எனக்குத் தெரியாம எந்தக் கடையில பான் போடுறீங்க?" என்று கேலி செய்துகொண்டிருந்தேன். பரிசோதனை செய்துவிட்டு வந்த அன்று கேலி நின்றது. ரத்தம் ஊறுவது எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில்தானாம். அவருக்கு அந்த ஊற்று வற்றிப்போய்விட்டது.

முதலில் ஒரு மருந்து ஏற்றினார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பதாம். "மாமா, கனைக்காம இருங்க, வார்டுல எல்லாரும் தூங்குறாங்க" என்று அவர் காதோரம் சொன்னேன். அவர் சிரித்தார். மருந்து கேட்கவில்லை. மூன்று, நான்கு மாதம் காத்திருந்து பார்த்துவிட்டு, வேறொருவருடைய மஜ்ஜையை வாங்கி ஏற்றினால்தான் உண்டு என்றார்கள். அதுவரை வாரத்துக்கு இரண்டு முறை வேறு யாருடைய ரத்தத்தையோ வாங்கித்தான் அவரை ஓட்டிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுப் பையன்கூட ஒரு பை கொடுத்தான். சிவப்பு இல்லை, மஞ்சள். கஞ்சித் தண்ணியில் மஞ்சள்பொடி கலந்த மாதிரி. ரத்தம் உறைவதற்கான அணுக்களை மட்டும் பிரித்து எடுத்ததாம்.

அந்த எதிர்வீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பஞ்சாபிக் குடும்பம். இருபது வருஷம் எங்கள் கதவும் அவர்கள் கதவும் பார்த்துக்கொண்டே இருந்தன. அந்த அம்மாளை நான் பாபிஜி என்பேன். என் வீட்டுச் சாம்பார் அங்கே போகும், அவர்கள் ராஜ்மா இங்கே வரும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தபிறகு, நான் என்ன சொன்னாலும் கேட்காமல், ஒருநாள் விட்டு ஒருநாள் டப்பா நிறையப் பராட்டா அடைத்துக்கொண்டு என்கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அப்படி ஒரு மனுஷி. அவளிடம்தான் நான் இருபது வருஷமாக ஒரு பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இவ்வளவுதான். என் வீட்டுக்காரர் என் தாய்மாமன். என் அம்மாவின் கடைசித் தம்பி.

சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இதைச் சொன்னால், "சரி, அப்புறம்?" என்பார்கள். அக்கா மகளைக் கட்டுவது அங்கே உரிமை. கட்டாமல் விட்டால்தான் சண்டை. என்னைவிட ஒன்பது வயது பெரியவர். மாரியம்மன் கோவில் பொங்கலுக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். அதே ஆள் தாலி கட்டினார். பதினெட்டு வயதில் அவர் பின்னாலேயே தில்லி வந்து இறங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஹிந்தி எங்கே தெரியும்? வந்த வாரமே பால்கனியிலிருந்து, "மாமா, தயிர் வாங்கிட்டு வாங்க" என்று கத்தினேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹிந்தியிலும் மாமா என்றால் தாய்மாமன்தான்; அங்கே அம்மாவின் தம்பி என்றால் அப்பாவுக்குச் சமம். அவரைக் கட்டிக்கொள்வது என்றால், சொல்லவே வாய் கூசும். சாயந்தரம் அவர் சொன்னார்: "இனிமே வெளியில அப்படிக் கூப்பிடாதே. ஏங்கன்னு கூப்பிடு."

அதுகூடப் போகட்டும். அடுத்த வருஷம் எனக்கு முதல் ஆண் குழந்தை பிறந்தது. எட்டு மாதம்தான் இருந்தான். தலை நிற்கவில்லை. பாலைக் குடித்த வேகத்தில் வெளியே தள்ளுவான். அப்போது பார்த்த டாக்டரம்மா, வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "சொந்த மாமனையா கட்டிக்கிட்டே? படிக்காத ஜனங்க. நீங்களே வரவழைச்சுக்கிட்டது இது." வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள், எதுவோ ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

பிள்ளை போனபிறகு, 'சொந்தத்தில் கல்யாணமா' என்று யார் கேட்டாலும், எந்தத் தாளில் கேட்டாலும் என் வாய் தானாக 'இல்லை' என்றுவிடும். மகள் பிறந்தபோதும் இல்லை, மகன் பிறந்தபோதும் இல்லை. வெளியில் மூச்சுவிடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருந்தேன். மகள் பன்னிரண்டாவதில் உயிரியல் படித்துவிட்டு வந்து, "அம்மா, சொந்தத்துல கட்டினா என்ன ஆகும் தெரியுமா?" என்று புத்தகத்தை விரித்தபோது, "வாயை மூடிட்டு சாப்பிடு" என்றேன். அவளுக்கு அண்ணன் ஒருவன் இருந்தான் என்பதையே நான் அதுவரை சொன்னதில்லை.

பாபிஜி ஒருமுறை டி.வி.யில் எதையோ பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். "உங்க பக்கம் மாமாவையே கட்டிக்குவாங்களாமே, நிஜமா?" நான் உடனே, "சீச்சீ, அது வேற ஜில்லா" என்றேன். அவளும் காதைத் தொட்டுக்கொண்டு, "அதானே" என்றாள். எங்கள் ஜில்லாவுக்கு நான் செய்த துரோகம் அது.

இப்போது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். மஜ்ஜை மாற்றும் பிரிவில் ஒரு சின்ன வயது டாக்டர். ஹரியானாப் பெண். சிரித்த முகம், தூங்காத கண். முதல் நாள் உட்காரவைத்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். அன்று மகன் ரத்தம் கொடுக்க ஆள் தேடிப் போயிருந்தான். என் பக்கத்தில் பாபிஜி. கூடப்பிறந்தவர்கள் உண்டா? ஒரே அக்கா, காலமாகிவிட்டார். ஒரே அண்ணன், அவரும் இல்லை. அந்த அக்கா என் அம்மா என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. அப்புறம் கேட்டாள்: "கல்யாணம் சொந்தத்திலயா?"

என் வாய் திறக்குமுன் பாபிஜி முந்திக்கொண்டாள். "நஹீ ஜி, இவங்க அப்படிப்பட்ட குடும்பம் இல்லை." டாக்டர் என் முகத்தைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள். ஒரு சின்னச் சொல்தான். எழுத ஒரு நொடிகூட ஆகவில்லை.

மகன் ரத்தத்தை எடுத்துப் பொருத்தம் பார்க்க அனுப்பினார்கள். மகளைக் கூப்பிட வேண்டுமா என்று மகன் கேட்டதற்கு, "பிள்ளைகள் எல்லாருமே பாதிப் பொருத்தம்தான். குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எதற்கு அலைய வேண்டும், நீங்கள் ஒருவரே போதும்" என்று சொல்லிவிட்டார்கள். நானும் நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பின் வந்த நாட்களைச் சொல்லத் தெம்பில்லை. காலையில் கஞ்சி, ஃபிளாஸ்க், துவைத்த லுங்கி, பஸ். பெஞ்ச். மதியம் கையெழுத்து, ரத்த வங்கி, மறுபடி பெஞ்ச். தீபாவளி வந்துவிட்டது. ஊரே புகை. மூக்கைச் சிந்தினால் கருப்பாக வரும். வார்டில் கதவைச் சாத்தியே வைத்திருந்தார்கள். அவர் முகம் அவித்த கிழங்கு மாதிரி வெளுத்துக் கிடந்தது. என்னிடம் இருந்த ஜோக்குகள் தீர்ந்துபோய், சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவரும் சிரித்ததையே திருப்பிச் சிரித்தார். எனக்கு உட்கார்ந்தால் எழ முடியவில்லை, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை.

பத்தொன்பதாவது நாள் டாக்டர் என்னையும் மகனையும் கூப்பிட்டாள். பாபிஜியும் கூட வந்தாள். மகன் ரத்தம் பாதி பொருந்துகிறது என்றாள் டாக்டர். பாதியை வைத்தும் செய்யலாம், செய்கிறோம். ஆனால் அவர் வயதுக்கு, அவர் இருக்கும் நிலைமைக்கு, உடம்பு அதை ஏற்காமல் தள்ளிவிடும் ஆபத்து அதிகம். கையெழுத்துப் போடுங்கள்.

எனக்கு அந்தச் சோர்விலும் வாய் சும்மா இருக்கவில்லை. "டாக்டர் சாப், இவனுக்கு அப்பா மூக்கு, அப்பா கோபம், இன்னும் அஞ்சு வருஷத்துல அப்பா வழுக்கை. முழுசா அப்பாதான். எங்கே பாதி?"

அவள் சிரித்துவிட்டாள். தாளைத் திருப்பிப் போட்டு, "ஆண்ட்டி, நீங்க சர்க்காரி காலனியிலதானே இருக்கீங்க?" என்று கேட்டாள். எல்லாம் ஹிந்தியில்தான்; நான் தமிழில் சொல்கிறேன். உடம்பு என்பது ஒரு பெரிய காலனியாம். அதில் கணக்கில்லாத குட்டிக் குட்டி வீடுகள். அதுதான் செல். ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு, உள்ளே சமையல் உண்டு, குப்பை அள்ளும் ஏற்பாடு உண்டு. பழைய வீடு இடியும், ஒரு வீடு இரண்டாகப் பிரிந்து புது வீடு வரும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பூட்டி வைத்த ஒரே ஃபைல். மூக்கு எப்படி இருக்க வேண்டும், ரத்தம் எப்படி ஊற வேண்டும், எல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்த ஃபைல் இரண்டு பாகம். ஒரு பாகம் அம்மா கொடுத்தது, ஒரு பாகம் அப்பா கொடுத்தது.

"வீட்டு வாசல்ல பேர்ப்பலகை மாட்டுவீங்க இல்லையா? அது மாதிரி ஒவ்வொரு செல்லுக்கும் வாசல்ல ஒரு அடையாளம். அதுலயும் பாதி அம்மாவோடது, பாதி அப்பாவோடது. ரத்தத்துல சுத்துற சௌகிதார்கள், காவல்காரங்க, அதைப் படிச்சுப் பார்ப்பாங்க. தெரியாத பேர் இருந்தா அடிச்சு விரட்டுவாங்க. உங்க பையன் பலகையில பாதி அவர் பேர், பாதி உங்க பேர். நீங்க வெளியிலேர்ந்து வந்தவங்க. உங்க பேர் அவர் உடம்புக்குத் தெரியாது."

"நீங்க வெளியிலேர்ந்து வந்தவங்க." அவள் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னாள். "சில குடும்பத்துல புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ரத்தமா இருப்பாங்க. அங்கே அம்மா கொடுத்த பாகமும் அப்பாகிட்ட இருக்கிற பாகமும் ஒண்ணாவே இருக்கலாம். அப்போ ஒரு பிள்ளை அப்பாவுக்கு முழுசாப் பொருந்த வாய்ப்பு உண்டு. அப்படின்னா எல்லாப் பிள்ளைகளையும் பார்த்திருப்போம். உங்களுக்குத்தான் அது இல்லையே."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அந்த 'இல்லை'யைச் சொன்னது அவனுக்குத் தெரியாது. டாக்டர் தானாக எழுதியிருப்பாள் என்று நினைத்தானோ, நான் சொல்வேன் என்று காத்திருந்தானோ. பாபிஜி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இருபது வருஷம் என் வீட்டுச் சாம்பார் சாப்பிட்ட கை. அந்தக் கை முதுகில் இருக்கும்போது எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துத் தாளை மட்டும் வாங்கி, நாளைக்குத் தருகிறேன் என்று மடித்து வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மகன் கேட்டான். "நீ என்னம்மா சொல்லி வச்சிருக்கே?"

"உன் அண்ணன் போனதுலேர்ந்து சொல்றதைத்தான் சொன்னேன்."

தனக்கு ஒரு அண்ணன் இருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரியும். "நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றான். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நான் கட்டிய முடிச்சு, அவிழ்க்கப் பிள்ளையை அனுப்புவதா?

அன்று சாயந்தரம் அவருக்குக் குளிர் ஜுரம் வந்தது. மறுநாள் காலையில் மார்பைப் படம் எடுத்தார்கள். நுரையீரலில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்றாள் நர்ஸ். நமக்கெல்லாம் மூச்சில் தினமும் போய்வருகிற பூஞ்சைதானாம். எதிர்த்து நிற்க ஆள் இல்லாத உடம்பு என்பதால் குடியேறிவிட்டது.

டாக்டர் அறைக்கும் போகவில்லை நான், உட்காரவும் இல்லை. வராந்தாவில் அவள் வேகமாக வந்துகொண்டிருந்தாள். எனக்குப் பின்னால் பாபிஜி டப்பாவோடு. நான் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவர் என் மாமா."

"யாரு, யார் வந்திருக்காங்க?" என்றாள் அவள்.

"யாரும் வரல. உள்ளே படுத்திருக்காரே, என் புருஷன், அவர் என் அம்மாவோட கூடப்பிறந்த தம்பி. அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

டாக்டர் அதிர்ச்சி அடைவாள், திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் பக்கத்து ஜன்னல் திண்டில் ஃபைலை வைத்து, முதல் நாள் போட்ட படத்தை எடுத்தாள்: அவருக்கு ஒரு சதுரம், எனக்கு ஒரு வட்டம். நடுவில் ஒரு கோடு ஏற்கெனவே இருந்தது. அதை ஒட்டி இன்னொரு கோடு இழுத்தாள். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடுதானாம் அவர்கள் வழக்கம். "வேற ஏதாவது சொல்லாம விட்டிருக்கீங்களா ஆண்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டாள். அப்போது மூத்தவனைப் பற்றியும், அவனைப் பார்த்த டாக்டரம்மா திட்டியதையும் சொன்னேன். முப்பது வருஷத்துக்கு அப்புறம். அவள் வட்டத்துக்குக் கீழே ஒரு குட்டிச் சதுரம் போட்டு, குறுக்கே ஒரு கோடு அடித்தாள். அவ்வளவுதான் என் பிள்ளைக்கு அந்தத் தாளில் இடம். ஆனால் இடம் கிடைத்தது.

"அந்த டாக்டர் சொன்னது சரியாவும் இருக்கலாம்" என்றாள். "ரெண்டு பாகத்துலயும் ஒரே இடத்துல ஒரே தப்பு இருந்திருக்கலாம். ஆனா அதை நீங்க வரவழைக்கல. உங்க பொண்ணை இன்னிக்கே கிளம்பச் சொல்லுங்க. ஜல்தி."

திரும்பிப் பார்த்தேன். பாபிஜி டப்பாவைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு லிஃப்டுக்கும் காத்திருக்காமல் படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? அந்தப் பராட்டாவைச் சாப்பிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பசித்தது.

மகன் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மகள் மறுநாள் காலை விமானத்தில் வந்தாள். குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு நேரே ரத்தம் கொடுக்கப் போனாள். திரும்பி வந்து பஞ்சைக் கையில் அழுத்திக்கொண்டே உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்டகூடவாம்மா பொய்?"

"பழக்கமாயிருச்சு."

"அன்னிக்கு நான் புத்தகத்தைக் காட்டினப்போ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்னு."

"நீ அப்ப காட்டின பக்கம் அவனைப் பத்திதான்டி" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொள்ளவில்லை. குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டு முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டாள். சண்டை போடவும் ஆள் தெம்பாக இருக்க வேண்டும்.

பொருத்தம் பார்த்த தாள் வர ஒன்பது நாள் ஆயிற்று. டாக்டர் தானே வராந்தாவுக்கு வந்து சொன்னாள். மகள் முழுப் பொருத்தம். அவர் தந்த பாகமும், என் அம்மா வழியாக என்னிடம் வந்து நான் அவளுக்குத் தந்த பாகமும் சேர்ந்து, அவர் பேர்ப்பலகையாகவே ஆகிவிட்டது. எல்லாருக்கும் இப்படி விழாது, உங்களுக்கு விழுந்திருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை. மகளுக்கு வலிக்குமா என்று கேட்டேன்.

ஆனால் உடனே செய்ய முடியவில்லை. நுரையீரல் ஆற வேண்டுமே. ஐந்து வாரம் மருந்து ஓடியது. அவருக்கு ஆக்சிஜன் வைத்த நாட்களில் நான் டாக்டரிடம் கேட்டேன்: முதல் நாளே நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தப் பூஞ்சை வந்திருக்காதா? அவள் நல்லவள். "வந்தாலும் வந்திருக்கும் ஆண்ட்டி, யாராலும் சொல்ல முடியாது" என்றாள். சொல்லும்போது என் கண்ணைப் பார்க்காமல் ஸ்டெதாஸ்கோப்பைச் சரி செய்துகொண்டாள். பொய் சொல்வதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம். அடுத்தவர் எனக்காகச் சொல்வதும் தெரியும்.

மார்கழி மாசத்தில் ஒருநாள் மகளை மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுத்தார்கள். ஒரு பை. தக்காளித் தொக்கு நிறம். அது சொட்டுச் சொட்டாக அவர் உடம்பில் இறங்குவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். பாத்திரத்தைக் கவிழ்க்கிற மாதிரி ஏதோ பெரிதாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். குளுக்கோஸ் ஏறுவது போல ஏறி முடிந்தது. அந்தச் செல்கள் தாங்களாகவே வழி கேட்டுக்கொண்டு எலும்புக்குள் போய்க் குடியேறிவிடுமாம். எனக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கே இரண்டு தடவை வழி கேட்க வேண்டும்.

கீழே இறங்கி வந்தால் பெஞ்சில் பாபிஜி. அவ்வளவு நாள் எதிர்வீட்டுக் கதவு என்னைப் பார்த்ததும் சாத்திக்கொண்டுதான் இருந்தது.

"என் டப்பா எங்கே?" என்றாள்.

"கழுவி வச்சிருக்கேன். வீட்டுல இருக்கு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அவள் சொன்னாள், "நான் யோசிச்சுப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு. மாமாவாம், தூக்கி வளர்த்தவராம். பொய் சொல்ல மாட்டேன் உன்கிட்ட."

"எனக்கும் முதல் ரெண்டு வருஷம் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு பாபிஜி. தோள்ல உட்கார்ந்து மிட்டாய் கேட்டவ, அதே ஆள்கிட்டப் புடவை கேட்கணும்னா எப்படி இருக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதெல்லாம் உங்க ஊர் வழக்கம், போகட்டும். குழந்தை போனதையாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் ஒண்ணு போச்சுன்னு உன்கிட்ட எத்தனை தடவை அழுதிருக்கேன்."

மூன்று வாரம் கழித்து அவர் ரத்தத்தில் புது அணுக்கள் தெரிய ஆரம்பித்தன. தை பிறந்து வீடு திரும்பினோம். இப்போது அவர் ரத்தத்தை எடுத்துச் சோதித்தால் பெண் ரத்தம் என்று வருமாம். "முப்பது வருஷமா என் பேச்சு ஏறல, இனிமேலாவது ஏறும், பாதி என்னுது" என்றேன். முகமூடிக்குள் சிரித்தார். மூச்சு வாங்கியது. பூஞ்சை போய்விட்டது. அது தின்ற இடம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தக் குளிர்காலத்து மத்தியானம் ஒன்று. குவார்ட்டர்ஸ் பார்க்கில் வெயில் விழுகிற இடத்தில் காலனிப் பெண்கள் பாய் விரித்துப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு நின்றது. பாபிஜி நகர்ந்து இடம் விட்டாள். ஒருத்தி மெதுவாக ஆரம்பித்தாள்: அவர் உடம்பு எப்படி, ஏதோ கேள்விப்பட்டோமே, அப்படியானால் சொந்தத்தில் கட்டுவது நல்லதுதான் போலிருக்கிறதே. அவள் கேட்டது கேலியா, நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் தெம்பில்லை.

ஒரு கை பட்டாணியை என் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னேன்: "ஆமாம், அவர் என் மாமாதான். என்கிட்டயும் அவர்கிட்டயும் ஒரே எழுத்து இருந்துச்சு. அது என் மூத்தவனைக் கொண்டுபோச்சு, அதுவே இவரை வீட்டுக்கும் கொண்டுவந்துச்சு. அதனால யாருக்கும் இதைச் சிபாரிசு பண்ணவும் மாட்டேன், யார் முன்னாடியும் தலை குனியவும் மாட்டேன். நான் போனப்புறம் என்ன வேணா பேசிக்கோங்க. ஆனா ஒண்ணு. அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ உங்க முகமெல்லாம் நினைப்பு வந்துதான் இல்லைன்னேன். பத்தொன்பது நாள் அவரைவிட நீங்க எனக்குப் பெரிசாப் போயிட்டீங்க. இப்ப அவர் ஒரு மாடி ஏற ரெண்டு தடவை நிக்கிறார். அவர் நிக்கும்போதெல்லாம் நானும் ஒரு படி கீழே நிக்கிறேன், என்னை முந்திக்கிட்டுப் போன்னு அவர் சொன்னாலும் போறதில்லை."